பால் பைதான் ராத்திரி பூராவும் அலைகிறதா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரிடம் ஒரு பால் பைதான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) இருக்கிறது, ஆண், இரண்டு வயது. மூன்று வாரமாகப் பொழுது சாய்ந்தால் விடியும்வரை கண்ணாடித் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வருகிறதாம், ஒரே மூலையில் மூக்கை வைத்து முட்டுகிறதாம், பகலில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய்ச் சுருண்டு கிடக்கிறதாம், கடைசி இரண்டு தடவை கொடுத்த எலியைத் தொடவே இல்லையாம். தொட்டி இருப்பது மாடி அறையில், அதற்கு மேலே மொட்டை மாடி. தொட்டிக்குள் செய்தித்தாள், ஒரே ஒரு பிளாஸ்டிக் மறைவிடம், ஒரு கிண்ணம், அடியில் கரண்டில் சூடேறுகிற ஹீட் பேட். வீட்டில் அம்மாயி, "அது அதோட ஊருக்குப் போகோணும்னு தவிக்குது சாமி, கொண்டு போயிப் புத்துக்கிட்ட உட்டுப்போட்டு வந்துரு" என்கிறாராம். பாம்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, நோயா, இல்லை அம்மாயி சொல்வது போலத்தானா என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். பாம்பு சும்மா அலையாது. நாய்க்குட்டி மாதிரி விளையாட்டுக்கு ஓடுகிற உயிர் இல்லை அது. அதிலும் பால் பைதான், மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலெல்லாம் சுருண்டு கிடந்து, இருட்டினதும் வெளியே வந்து, இரை வருகிற வழியில் நெடுநேரம் அசையாமல் காத்திருந்து பிடிக்கிற சாதி. அசையாமல் இருப்பதுதான் அதற்குச் சோறு போடுகிறது. அப்பேர்ப்பட்டது மூன்று வாரம் விடாமல் நடக்கிறது என்றால் எதையோ தேடுகிறது என்று அர்த்தம். குளிர்ச்சியைத் தேடலாம், சூட்டைத் தேடலாம், ஈரத்தை, மறைவை, இரையை, துணையைத் தேடலாம், இல்லாவிட்டால் ஏதோ ஒரு தொந்தரவிலிருந்து தப்ப வழி தேடலாம். எதைத் தேடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை, அதற்குப் பாம்பை விடத் தொட்டியைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

ராத்திரியில் கொஞ்சம் உலாவுவது இயல்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டினதும் வெளியே வந்து ஒரு மணி இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி உள்ளே போனால் அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. வித்தியாசம் தெரிய நாக்கைப் பாருங்கள். சாவகாசமாக உலாவுகிற பாம்பு நின்று நின்று போகும், நாக்கை நீளமாக நீட்டி மெதுவாக மேலும் கீழும் ஆட்டி உள்ளே இழுக்கும், ஒரு கல்லை முகர்ந்து பார்க்கும், தலையைத் தூக்கி யோசிப்பது போல நிற்கும். தப்பிக்கப் பார்க்கிற பாம்பு நிற்காது. ஒரே தடத்தில் வரும், அதே மூலைக்குப் போகும், மூக்கால் அமுக்கும், விலகும், மறுபடி அதே மூலை. பழைய செல்போன் ஒன்றைத் தொட்டிக்கு எதிரில் நிறுத்தி, லேசான சிவப்பு வெளிச்சம் வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் படம் பிடித்துப் பாருங்கள். நீங்களே எதிரில் உட்கார்ந்து பார்த்தால், உங்கள் உடம்புச் சூடே அதற்கு ஒரு செய்தியாகிவிடும். பால் பைதானின் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கின்றனவே, அவை சூட்டை உணரத்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் போனது அந்த மொட்டை மாடி மேல்தான். இது சித்திரை மாசம். ஈரோடு, பெருந்துறை, கரூர்ப் பக்கமெல்லாம் வெயில் 40-ஐத் தொடுகிறது. கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி தாண்டியும் அதைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். நமக்கு ஃபேன் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. பாம்புக்கு வியர்க்காது. உடம்பைக் குளிரவைக்க அதற்கு இருக்கிற ஒரே வழி, குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்து போவதுதான். அறையே 34 டிகிரியில் இருந்தால் தொட்டிக்குள் எங்கே போகும்? இந்தக் கோடி போகும், அந்தக் கோடி போகும், மேலே ஏறிப் பார்க்கும், கடைசியில் கிண்ணத்துத் தண்ணீருக்குள் போய்ப் படுக்கும். நீங்கள் சொன்னது அப்படியே இதுதான்.

நம்மூரில் பாம்பு வளர்க்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். யூட்யூபில் பார்ப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் போடுவது. அவர்களுக்கு வருஷம் முழுக்கத் தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே கவலை. நமக்கு மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் கவலையே வேறு, தொட்டியில் ஒரு பக்கத்தையாவது எப்படிக் குளிர வைப்பது என்பது. பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31-லிருந்து 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25-லிருந்து 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் மிக முக்கியம், ஏனென்றால் பாம்பு தன் தேவைக்கு ஏற்ற இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தொட்டி முழுக்க ஒரே சூடு என்றால், அது சரியான சூடாகவே இருந்தாலும், பாம்பு தேடிக்கொண்டேதான் இருக்கும். 36-ஐத் தாண்டின இடத்தில் ஒதுங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, மூளை நரம்பு கெட்டுத் தலை நிலைகுலைந்துபோன பாம்புகளையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்றைக்கே ஹீட் பேட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். தொட்டியைக் கீழ்த்தள அறைக்கு மாற்றுங்கள், ஓட்டு வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் வெப்பமானி. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட டயல் காட்டுவதை நம்பாதீர்கள், அது கண்ணாடியின் சூட்டைக் காட்டுகிறது. ஒயர் நுனியில் உணரி இருக்கிற டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, பாம்பு படுக்கிற தரை மட்டத்தில், இந்தக் கோடியில் ஒன்று அந்தக் கோடியில் ஒன்று வையுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கின நெற்றி வெப்பமானி வீட்டில் இருக்கிறது, அதைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது, அது மனித உடம்புக்கென்று கணக்குப் போட்டுச் சொல்கிற கருவி, தரைச் சூட்டைச் சரியாகச் சொல்லாது.

குளிர வைக்க நான் செய்வதைச் சொல்கிறேன். சந்தையில் சின்ன மண்பானை ஒன்று வாங்கி, வாயோரம் பாம்பு நுழைகிற அளவு உடைத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவேன். அரை நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் குளிர்ந்த பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் மண் தண்ணீரைக் கசியவிட்டுக் கசியவிட்டு உள்ளே வெளியை விடக் குளிர்ச்சியாக இருக்கும். நாம் பானைத் தண்ணீர் குடிக்கிற அதே கணக்குதான். ரொம்பக் கொடுமையான மத்தியானங்களில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டிக்கு வெளியே அந்தப் பக்கக் கண்ணாடியோடு சாய்த்து வைப்பேன். உள்ளே ஐஸ் போடாதீர்கள், பாம்பின் மேல் குளிர்ந்த நீரைத் தெளிக்காதீர்கள், ஏசி காற்று நேராகப் படவும் வேண்டாம். மார்கழியில் இதெல்லாம் தலைகீழ். கோயம்புத்தூரில் ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கும், அப்போது அதே பாம்பு சூட்டைத் தேடி அலையும், அப்போதுதான் ஹீட் பேடுக்கு வேலை.

ஹீட் பேட் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. பாம்பு வளர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு கடையில் ஹீட் பேட் வாங்கினேன், சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிற தெர்மோஸ்டாட் வேண்டுமா என்று கேட்டதற்குத் தேவையே இல்லை என்றார்கள். அப்போது நான் வளர்த்த கார்ன் ஸ்நேக் என்கிற அமெரிக்கப் பாம்பு ஒரு வாரம் ராத்திரி ராத்திரி அலைந்தது. நான் பசி என்று நினைத்தேன். எட்டாம் நாள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வயிற்றுச் செதில் நாலைந்து பழுப்பேறிச் சுருங்கி இருந்தது. பாம்பின் வயிறு அடியில் படுகிற கடும் சூட்டை நம் கை போலச் சட்டென்று உணர்ந்து விலகுவதில்லை, சுட்டுக்கொண்டே அதன் மேல் கிடக்கும். ஆறி வர மூன்று தடவை சட்டை உரிக்க வேண்டியிருந்தது. உங்கள் பாம்பையும் இன்று ஒரு தடவை வயிற்றுப் பக்கம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், தம்பி. தெர்மோஸ்டாட் இல்லாமல் அந்தப் பேடை இனி எந்த மாசத்திலும் போட வேண்டாம்.

கிண்ணத்தில் கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பார்த்து முடிக்காமல் சூடுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்ணி. நாய் மாட்டு உண்ணி போலப் பெரிதாக இருக்காது. வளர்க்கிறவர்கள் மைட் என்று சொல்வது இதைத்தான், எள்ளில் பாதி கூட வராத கறுப்புப் புள்ளி. கண்ணைச் சுற்றி இருக்கிற மடிப்பில், தாடைக்குக் கீழே நடுவில் ஓடுகிற பள்ளத்தில், செதில்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் பாம்பு அலையும், மூக்கை எதிலாவது தேய்க்கும், தண்ணீருக்குள் இறங்கி அவற்றை மூழ்கடிக்கப் பார்க்கும். சோதிப்பது சுலபம். காலையில் கிண்ணத்துத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள், அடியில் கறுப்புத் தூள் போல ஏதாவது தங்குகிறதா என்று. பிறகு வெள்ளை டிஷ்யூவை நனைத்துப் பிழிந்து, பாம்பை அதன் வழியாக மெதுவாக ஊர விடுங்கள். டிஷ்யூவைப் பிரித்துப் பார்க்கும்போது மிளகுத்தூள் மாதிரி புள்ளிகள் இருந்து, அதில் ஒன்று மெல்ல நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். முதல் தடவை நான் அப்படிப் பார்த்தபோது பதினாலு புள்ளிகள் எண்ணினேன், அதில் ஒன்று என் கட்டை விரலில் ஏறிவிட்டது.

இருந்தால் பதறாதீர்கள், ஆனால் அரைகுறையாகவும் செய்யாதீர்கள். முட்டை பாம்பின் மேல் இருக்காது, தொட்டியின் இடுக்கில், மூடியின் ஓரத்தில், மறைவிடத்தின் அடியில் இருக்கும். முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டை வைக்க இரண்டு மூன்று வாரம்தான் ஆகும், அதனால் ஒரு நாள் கழுவிவிட்டு விட்டால் மாசக் கடைசியில் திரும்ப வந்து நிற்கும். செய்தித்தாளை எடுத்துப் பையில் கட்டி வெளியே போடுங்கள், தொட்டியைக் கொதிநீரும் சோப்பும் போட்டு ஒவ்வொரு இடுக்காகத் தேயுங்கள், சில வாரத்துக்கு வெறும் வெள்ளைக் காகிதம் மட்டும் போட்டுத் தினம் மாற்றுங்கள். பாம்பின் மேல் போடுகிற மருந்தை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். நாய்க்குப் போடுகிற உண்ணிப் பவுடர், பேன் ஷாம்பு, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் தேய்த்துப் பாம்பைக் கொன்றவர்கள் உண்டு.

மூன்றாவது, சட்டை உரிக்கிற நேரம். தோல் மங்கி, வயிறு லேசாகச் சிவந்து, கண் நீலம் கலந்த பால் நிறமாகி, ஒரு வாரத்தில் கண் மறுபடி தெளிந்து, அப்புறம் மூன்று நாலு நாளில் சட்டை கழலும். அந்த நாட்களில் சாப்பிடாது, எரிச்சலாக இருக்கும், மூக்கைத் தேய்க்கும். ஆனால் இதற்கு மூன்று வாரம் ஆகாது, அதனால் உங்களுடையதற்கு இது மட்டும் காரணமாக இருக்க வழியில்லை. ஈரப்பதம் போதாமல் சட்டை துண்டு துண்டாக உரிந்து மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அலைச்சல் நீளும். ஈரத்துக்குச் செய்தித்தாள் உதவாது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மலைபோலக் குவிந்து கிடக்கிறதே நார்க்கழிவு, அதைத்தான் கட்டியாக அமுக்கி வெளிநாட்டில் பாம்புப் படுகை என்று விற்கிறார்கள். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அந்தப் பதத்தில் மூன்று விரற்கடை உயரம் போடுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உண்ணி இல்லை என்று உறுதியான பிறகு போடுங்கள், இருந்தால் அந்த நார் அவற்றுக்கு ஒளிய நல்ல இடமாகிவிடும். கண்ணின் மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ள வேண்டாம், கண்ணே போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அடுத்துச் சொல்லப்போவது நம்மூர்க்காரர்களுக்கு.

நான் இருப்பது சோமனூர்ப் பக்கம். என் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் தறிக் குடோன். பழைய தொட்டியை அந்தச் சுவரை ஒட்டி ஒரு மேஜை மேல் வைத்திருந்தேன். என் பெண் பால் பைதான் அங்கே மாற்றின நாளிலிருந்து நிம்மதியாகப் படுக்கவில்லை. சூடு சரியாக இருந்தது, ஈரம் சரியாக இருந்தது, உண்ணி இல்லை, மறைவிடம் இரண்டு இருந்தது. ஐந்து மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள், வாரக்கணக்கில் ஊரே அமைதியாகிவிட்டது. நிறுத்தின மூன்றாம் ராத்திரி தொட்டியைப் பார்க்கிறேன், பாம்பு மறைவிடத்துக்குள் தலையை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டு சாந்தமாகக் கிடக்கிறது. ஐந்து மாசமாக அப்படி அது படுத்து நான் பார்த்ததே இல்லை. தறி மறுபடி ஓட ஆரம்பித்த அன்று வேண்டுமென்றே போய்க் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மேல் பொடிப்பொடியாக வளையம் வளையமாக நடுக்கம். கையை மேஜை மேல் வைத்தால் எனக்கு அநேகமாகத் தெரியவே இல்லை, பழகிப்போன சத்தம் வேறு. பாம்புக்குக் காது மடல் இல்லை, செவிப்பறை இல்லை, ஆனால் தரையில் ஊன்றிய தாடையெலும்பு வழியாக அதிர்வு நேராக உள்காதுக்குப் போகிறது. பால் பைதானை வைத்தே செய்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் அது 80-லிருந்து 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளுக்குத்தான் நன்றாக எதிர்வினை காட்டுகிறது என்று கண்டார்கள். தறி, மோட்டார், மாவு மில், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், வாஷிங் மெஷின் எல்லாம் தருகிற கடகடப்பு அந்தத் தாழ்ந்த வகைதான். தொட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் நாலு மூலையிலும் தடித்த ரப்பர் வைத்த பிறகு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ஏதாவது புதிதாக ஓட ஆரம்பித்ததா, தம்பி? போர்வெல் மோட்டார், கூலர், எதுவாக இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்.

மறைவிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றீர்கள், அது போதாது. குளிர்ந்த பக்கம் ஒன்று, சூடான பக்கம் ஒன்று என்று இரண்டும் ஒரே மாதிரி வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு பயத்துக்கும் சூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும். மறைவிடம் பெரிதாக இருந்தால் சௌகரியம் என்று நாம் நினைக்கிறோம். பாம்புக்கு முதுகும் விலாவும் சுவரில் ஒட்டினால்தான் பத்திரம் என்கிற உணர்வு வரும், அதனால் சுருண்டு படுத்தால் இறுக்கமாக இருக்கிற அளவே போதும். கண்ணாடி என்கிற ஒரு பொருள் அதற்குப் புரியாது, வழி திறந்து கிடக்கிறது, ஏனோ போக முடியவில்லை என்று முட்டிக்கொண்டே இருக்கும். மூன்று பக்கத்துக்கும் வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டிவிடுங்கள், பாதி முட்டல் அன்றைக்கே நிற்கும். மூக்கு நுனிச் செதில் தேய்ந்து சிவந்திருக்கிறதா என்று தினம் பாருங்கள், அந்தப் புண்ணிலிருந்துதான் வாயழுகல் ஆரம்பிக்கிறது. மூடிக்கு கிளிப்பும் போடுங்கள். அலைகிற பாம்புதான் தப்பும், தப்பினால் பக்கத்து வீட்டில் தடியை எடுத்த பிறகுதான் என்ன பாம்பு என்று கேட்பார்கள். ஒருவேளை தப்பிவிட்டால் ஒவ்வொரு கதவு நிலையிலும் குறுக்கே ஒரு வரி கோலமாவு தூவிவிட்டுப் படுங்கள், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போயிற்று என்று காலையில் தடம் சொல்லிவிடும்.

சாப்பிடாததற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஆண் பால் பைதான்கள் துணை தேடுகிற பருவத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும், வாரக்கணக்கில் சாப்பிடாமல் அலைவது சாதாரணம், இரண்டு வயது ஆணுக்கு அந்த வயசும் வந்துவிட்டது. பருவம் முடிகிற சமயம்தான் இது, அதனால் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம். வளர்ந்த பாம்பு மாசக்கணக்கில் பட்டினி தாங்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள். 1200 கிராம் இருந்தது என்றால் 120 கிராம் குறைகிற வரைக்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு, பொறுத்திருக்கலாம். அதைத் தாண்டினால் மருத்துவர். வாயைத் திறந்து திணிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சூட்டைச் சரி செய்து ஒரு வாரம் தொடாமல் விட்டு, சாயங்காலம் ஒரு எலி, பாம்பின் நடு உடம்புத் தடிமனுக்கு மிஞ்சாததாக வைத்துப் பாருங்கள். எடுக்கவில்லையா, எடுத்துப் போட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து மறுபடி.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் விசில் போல அல்லது நெட்டி முறிவது போலச் சத்தம், மூக்கிலோ வாயோரத்திலோ நுரை, தலையை எந்நேரமும் மேலே தூக்கியே வைத்திருப்பது, இதெல்லாம் நுரையீரல் தொற்று. பாம்புக்கு நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ள முடியாது, அதனால் தலையைத் தூக்கிவைத்துக் காற்றுக்கு வழி பண்ணிக்கொள்கிறது. ஒரு மார்கழியில் என் பாம்பு ஒன்று தலை தூக்கியதை வேடிக்கை பார்க்கிறது என்று எண்ணி நான்கு நாள் விட்டுவிட்டேன், அந்தப் பாம்பு பிழைக்கவில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, தலை வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொள்வது, மல்லாக்கப் புரட்டினால் திரும்பக் கவிழத் தெரியாமல் கிடப்பது. இது நரம்புக் கோளாறு. சூட்டாலும் வரும், பூச்சிமருந்தாலும் வரும், மலைப்பாம்பு வகைகளில் வைரஸாலும் வரும், எதுவானாலும் அன்றைக்கே போக வேண்டும். ஸ்பைடர் போன்ற சில நிற வகைப் பால் பைதான்களில் தலை ஆட்டம் பிறவியிலேயே வருவது. வாங்கும்போதே அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மருந்து கிடையாது. பாம்பு இருக்கிற அறையில் கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், சாம்பிராணி, புதுப் பெயிண்ட் வாடை கூட வேண்டாம்.

ஊரில் இருக்கிற டாக்டர் மாடு ஆடு மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். நாமக்கல்லில் 1985-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையிலும் இப்போது ஒன்று இருக்கிறது. போன் போட்டுப் பாம்பு பார்ப்பவர் என்றைக்கு இருப்பார் என்று கேட்டுவிட்டு, துணிப்பையில் போட்டு, பையைக் காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து, வெயில் ஏறும் முன் கிளம்புங்கள்.

அம்மாயி சொன்னதற்கு வருகிறேன். அவர் பாம்பின் தவிப்பைக் கண்ணால் கண்டு சொல்கிறார், அது தவிப்புதான் என்பதில் அவர் சரி. புற்றைத் தேடுகிறது என்பது கூடக் கிட்டத்தட்ட சரி, ஆப்பிரிக்காவில் அது கரையான் புற்றில் வாழ்வதுதான். ஆனால் இங்கே கொண்டு போய் விட்டால் நம் மண்ணில் அது பிழைப்பது கஷ்டம், அதன் மேல் இருக்கிற உண்ணியும் கிருமியும் நம் சாரைக்கும் நாகத்துக்கும் போய்ச் சேரும். எக்காரணத்தைக் கொண்டும் விடாதீர்கள். அவரிடம் மண்பானையைக் காட்டி, வீட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு புற்று செய்து கொடுத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் பைதான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குத் திருத்தச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். செய்யாமல் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் போய்க் கேட்டுச் சரி செய்யுங்கள், மருத்துவரிடம் போகவும் தயங்க வேண்டியிருக்காது. நம்மூர்ப் பாம்புகளை, மண்ணுளியோ சாரையோ குட்டி மலைப்பாம்போ, வீட்டில் வைப்பது 1972 சட்டப்படி குற்றம். யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு இந்த வரிசையில் போங்கள். இன்று சாயங்காலம் ஹீட் பேட் ஒயர், தொட்டி கீழே, சார்ட், மண்பானை. நாளைக் காலை கிண்ணத்துத் தண்ணீரும் டிஷ்யூவும். அதற்கப்புறம் ஐந்து நாள் கையில் எடுக்காமல், ஒரு நோட்டில் ராத்திரி ஒன்பது மணி, நடுராத்திரி, விடிகாலை ஐந்து மணி என்று மூன்று வேளைக்கும் இரண்டு பக்கச் சூடும் பாம்பு எந்த இடத்தில் இருந்தது என்பதும் மட்டும் எழுதுங்கள். நடுராத்திரிக்கு நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், செல்போன் படத்தைக் காலையில் ஓட்டிப் பார்த்து எழுதினால் போதும். அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். உண்ணி இல்லாமல், சூடும் இறங்கி, அப்புறமும் அதே மூலையில்தான் முட்டுகிறது என்றால், அந்த மூலைக்கு அந்தப் பக்கம், சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.